வயதான மட்டக்குதிரையின் பல்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பிலும் அக்கம்பக்கத்திலும் மட்டக்குதிரை (போனி) வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சத்திலும் பாதி கிழடு. சவாரிப் பாடசாலையில் ஓய்வு கொடுத்தது, நுவரெலியா கிரகரி வாவிக் கரையில் பிள்ளைகளைச் சுமந்துவிட்டுக் கீழே வந்தது, ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று யாரோ விட்டுவிட்டுப் போனது. வந்து சில மாதத்தில் அது மெலியத் தொடங்கும். எனக்கு அழைப்பு வரும். நான் மிருக வைத்தியர் இல்லை. வைத்தியர் பல் பார்க்கும்போது தலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவன். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதமாகவே கீழே சேர்த்திருக்கிறேன்.

எத்தனை வயசுக்குப் பிறகு ‘வயசான போனி’ எண்டு நினைக்கிறது?

பல்லைப் பொறுத்தவரை 15 வயதிலிருந்து கவனம் வேண்டும். 20 தாண்டினால் சந்தேகமே இல்லை, வயதானதுதான். ஆனால் மட்டக்குதிரைகள் பெரிய குதிரைகளைவிடக் கெட்டி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 வரை இருப்பவை உண்டு. உடம்பு 30 வரை தாங்கும், பல் அதற்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதுதான் பிரச்சினையே.

பேப்பர் ஒண்டும் இல்லை, சும்மாதான் தந்தவை. பல்லைப் பார்த்து வயசு சொல்லேலுமா?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். தானமாக வந்த போனியைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் இனிச் செலவு உங்களுடையது.

மேல்வரிசை முன்பற்களில் ஓரத்தில் இருக்கும் கடைசிப் பல்லின் வெளிப்பக்கத்தில் ஒரு கபில நிறக் கோடு தெரியும். கால்வெய்ன் கோடு என்பார்கள். சுமார் 10 வயதில் முரசோரத்தில் தலைகாட்டும், 15 அளவில் பல்லின் பாதிவரை இறங்கும், 20 அளவில் முழு நீளத்துக்கும் வரும். பிறகு மேலிருந்து மறையத் தொடங்கி, 30 அளவில் இல்லாமல் போய்விடும். இது மட்டுமட்டான கணக்குத்தான். ‘17 வயதும் மூன்று மாதமும்’ என்று பல்லைப் பார்த்து அடித்துச் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

குதிரைக்குப் பல்லு சாகும்வரைக்கும் வளருமாமே? பிறகு எப்படித் தீரும்?

வளர்வதில்லை, வெளியே தள்ளப்படுகிறது. ஐந்து வயதில் நிரந்தரப் பற்கள் எல்லாம் வந்துவிடும். அப்போது கடைவாய்ப் பல் ஒவ்வொன்றும் வெளியே தெரிவதைவிடப் பல மடங்கு நீளமாகத் தாடை எலும்புக்குள் புதைந்திருக்கும். புல்லை அரைக்க அரைக்க மேலே தேயும். தேய்ந்த அளவுக்கு, வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை, உள்ளிருந்து வெளியே வரும். உள்ளே இருந்த கையிருப்பு முடிந்தால் பல்லும் முடிந்தது.

தீர்வதற்குக் கொஞ்சம் முன்பு இன்னொன்று நடக்கிறது. பல்லின் மேற்பரப்பில் எனாமல் வரிகள் சொரசொரப்பாக இருப்பதால்தான் புல் அரைபடுகிறது. வேருக்குக் கிட்டப் போகப்போக அந்த எனாமல் மடிப்புகள் குறைந்து மேற்பரப்பு வழுவழுப்பாகிவிடும். கொத்தாத அம்மியில் மிளகாய் அரைப்பது மாதிரி, தாடை அசையும், எதுவும் அரைபடாது. அம்மியைக் கொத்திக்கொள்ளலாம், பல்லைக் கொத்த வழியில்லை.

ராவுறது எண்டா என்ன? அதுக்கு நோகாதா?

குதிரையின் மேல்தாடை அகலம், கீழ்த்தாடை ஒடுக்கம். ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாததால் மேற்பற்களின் கன்னப் பக்கத்து விளிம்பும், கீழ்ப்பற்களின் நாக்குப் பக்கத்து விளிம்பும் தேயாமல் கூராக நிற்கும். அந்தக் கூர் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். நீண்ட கைப்பிடி அரத்தாலோ மின்கருவியாலோ அதை மழுக்குவதுதான் ராவுதல்.

அந்த விளிம்பில் நரம்பு இல்லை, நோகாது. ஆனால் அளவுக்கு மீறி ராவினால் பல்லின் உயிர்ப்பகுதி வெளிப்படும். மின்கருவியை ஒரே இடத்தில் பிடித்தால் சூட்டிலேயே பல் சாகும். கைஅரமா மின்கருவியா என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை, பிடிக்கிற கைதான் முக்கியம்.

வருசத்துக்கு எத்தனை தரம் காட்டணும்?

நடுத்தர வயதில் வருடத்துக்கு ஒருமுறை. வயதானதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பார்ப்பது வேறு, ராவுவது வேறு. பார்த்துவிட்டு ‘இந்தமுறை ஒன்றும் செய்யத் தேவையில்லை’ என்று வைத்தியர் சொன்னால் காசு வீண் என்று நினைக்காதீர்கள். கிழட்டு வாயில் அதுவே நல்ல செய்தி.

எங்கட போனி நல்லாத்தான் சாப்பிடுது. பல்லில பிரச்சினை எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வாயைப் பார்ப்பதற்கு முன் நிலத்தைப் பாருங்கள். தொட்டியைச் சுற்றி, சுருட்டு மாதிரி நீளமாக, எச்சில் ஊறிய புல் உருண்டை கிடக்கிறதா? கையில் எடுத்துப் பிரித்தால் புல் நசுங்கியிருக்கும், அறுபட்டிருக்காது. மென்று முடிக்க முடியாமல் துப்பியது அது. கூட்டித் தள்ளிவிடும் கொட்டில் பையனிடம் ‘கூட்டுவதற்கு முன் எனக்குக் காட்டு’ என்று சொல்லி வையுங்கள். முக்கால்வாசி வீடுகளில் இந்தத் தடயம் காலை ஆறு மணிக்கே குப்பைக்குப் போய்விடுகிறது.

அடுத்தது சாணம். உடைத்துப் பார்த்தால் நார் பொடியாக இருக்க வேண்டும். ஒரு விரல் அகலத்துக்கு மேல் நீளமான நார் நிறையக் கிடந்தால் அரைப்பு சரியில்லை. முழுத் தானியம் அப்படியே வந்தாலும் அதே கதைதான்.

மற்றவை: தலையைச் சரித்து மெல்லுதல், ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லுதல், கன்னத்தில் புல்லை அடக்கி வைத்திருத்தல், பச்சைத் தண்ணீர் குடிக்கத் தயங்குதல், வாய்நாற்றம், சாப்பிட நேரமெடுத்தல், மெலிதல். மெலிவைக் கடைசியில் சொன்னதற்குக் காரணம் உண்டு. மட்டக்குதிரை வலியைக் காட்டிக்கொள்ளாது; வயிறு நிறையச் சாப்பிடுகிற மாதிரியே நிற்கும். விலா தெரியும்போது பல மாதம் பிந்திவிட்டது.

நானே வாயைத் திறந்து பார்க்கலாமா?

உதட்டை விலக்கி முன்பல்லையும் முரசையும் பார்க்கலாம். மூக்கை வைத்து மணக்கலாம். கன்னத்துக்கு வெளியே, கண்ணுக்குக் கீழிருந்து வாய்க்கோடிவரை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு வரலாம். ஒரு இடத்தில் தலையை வெடுக்கென்று இழுத்தால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். விரலை உள்ளே விடாதீர்கள். கடைவாய்ப் பல்லுக்கு நடுவே அகப்பட்ட விரலைத் திரும்ப முழுதாக எடுக்க முடியாது.

ஸ்பெகுலம் என்னும் வாய் திறக்கும் கருவி, தலையில் கட்டும் வெளிச்சம், சின்னக் கண்ணாடி, பிறகு மயக்க ஊசி. இவை இல்லாமல் பின்பல்லைப் பார்த்ததாகச் சொன்னால் அது பார்த்ததாகாது.

22 வயசு போனிக்கு மயக்க ஊசி போட்டா எழும்பாமப் போயிடாதா?

படுக்க வைக்கும் மயக்கம் இல்லை இது. நின்றபடியே தலை தொங்கி அரைத் தூக்கத்தில் இருக்கும். சைலசீன், டெட்டோமிடீன் போன்ற மருந்துகள். இதயத்துடிப்பைக் குறைப்பவை என்பதால் வைத்தியர் முதலில் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்க வேண்டும். கேட்காமல் ஊசியை எடுத்தால் ‘ஒருக்கா இதயத்தைப் பாருங்கோ’ என்று நீங்களே சொல்லுங்கள், கோபிக்க மாட்டார்கள்.

கொழும்பு வெக்கையில் காலை வேளையில், நிழலில் செய்வது நல்லது. முழுதாகத் தெளியும்வரை சாப்பாடு கொடுக்கக் கூடாது. அரைமயக்கத்தில் விழுங்கினால் தொண்டை அடைக்கும்.

கொழும்பில யாரிட்டக் காட்டுறது? எல்லாரும் நாய் பூனைதான் பார்க்கினம்.

உண்மைதான். தொலைபேசியிலேயே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: ‘குதிரைக்கான ஸ்பெகுலமும் நீள அரமும் உங்களிடம் இருக்கிறதா?’ இல்லையென்றால் நன்றி சொல்லி அடுத்தவரை அழையுங்கள். நகரத்துச் சவாரிப் பாடசாலைகளுக்கு வைத்தியர் வரும் நாளைக் கேட்டு, உங்கள் போனியையும் அதே நாளில் சேர்த்துக்கொண்டால் பயணச் செலவைப் பகிரலாம். பல் பிடுங்குவது, எக்ஸ்ரே போன்ற பெரிய வேலை என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா மருத்துவமனையில் என்ன செய்ய முடியும் என்று உங்கள் வைத்தியர் மூலமாகவே விசாரியுங்கள். அப்படியே ஏற்புவலித் தடுப்பூசி எப்போது போட்டது என்றும் பாருங்கள். குதிரைக்கு ஏற்பு வந்தால் தப்புவது கஷ்டம், வாய்க்காயமே அதற்குப் போதும்.

லாடம் அடிக்கிறவரே ‘நான் ராவி விடுறன், டொக்டர் எதுக்கு’ எண்டு கேக்கிறார்.

லாடம் அடிக்கட்டும். மயக்கம் இல்லாமல், வெளிச்சம் இல்லாமல், கைக்கு எட்டின முன்பக்கப் பல்லை மட்டும் ராவிவிட்டுப் போனால், பின்னால் கொக்கி மாதிரி வளர்ந்த கடைசிப் பல் அப்படியே இருக்கும். இளம் குதிரையில் அதனால் பெரிய கேடு வராமல் போகலாம். வயதானதில் ஆடும் பல்லை அரம் இடித்தால் உடையும்.

பல்லுவரிசை அலை மாதிரி ஏறி இறங்கிக் கிடக்குதாம். ஒரே தரத்தில மட்டமாக்கச் சொல்லவா?

வேண்டாம். பல வருடம் பார்க்காமல் விட்டதால் ஒரு பல் உயர்ந்து எதிர்ப்பல் பள்ளமாகி அந்த அலை உண்டாகிறது. உயர்ந்ததை வெட்டி மட்டமாக்கினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முன்னால் சொன்ன கையிருப்பு அங்கே மிச்சமில்லை. வெட்டியது திரும்ப வராது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் போனால் இருந்த கொஞ்ச அரைப்பும் போய்விடும். குத்துகிற கூரை மட்டும் எடுத்து, மிச்சத்தை ஆறு மாத இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறவரே நல்ல வைத்தியர். வயதான போனிக்கு வாயில் குறைத்துச் செய்து வாளியில் கூட்டிச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

பல்லுக்கு இடையில புல் சிக்கி நாறுது. கழுவி விட்டாச் சரியா?

கழுவுவது நல்லது, போதாது. வயதாக ஆகப் பல் வேர்ப்பக்கம் ஒடுங்குவதால் இடைவெளி விழுகிறது. அதில் புல் இறுகி, அழுகி, முரசு புண்ணாகி, பல் ஆடத் தொடங்கும். குதிரை வாய்நோவுகளில் மிகவும் வலிப்பது இதுதான் என்று வைத்தியர்கள் சொல்வார்கள். வைத்தியர் மயக்க ஊசி போட்டுத் தோண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, சாப்பாட்டுக்குப் பிறகு ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் சுத்தமான தண்ணீரைக் கன்னத்துப் பக்கம் பீச்சிவிடுவது. நீளமான தண்டுப் புல்லை நிறுத்துங்கள், சிக்குவது அதுதான்.

முன்பல்லு முரசோட வீங்கி, முன்னால தள்ளி நிக்குது. கரட்டைக் கடிக்கவே மாட்டேங்குது.

15 வயதுக்கு மேற்பட்ட குதிரைகளுக்கு வரும் ஒரு நோய் இருக்கிறது. முன்பற்களின் வேரை உடம்பே கரைக்கும், அதைச் சுற்றிப் புதிதாகச் சிமெந்து மாதிரிப் பொருளைக் குமிழாகப் படிய வைக்கும். ஈஓடிஆர்எச் என்று சுருக்கிச் சொல்வார்கள். எக்ஸ்ரேயில்தான் உறுதியாகும். நிறுத்த மருந்தில்லை, வலிக்கும் பற்களைப் பிடுங்குவதே வைத்தியம். முன்பல் இல்லாமல் எப்படிச் சாப்பிடும் என்று பயப்பட வேண்டாம், உதட்டாலும் நாக்காலும் எடுத்துக்கொள்ளும். வலி போனதும் முன்பைவிட நன்றாகச் சாப்பிடும். நாக்கு கொஞ்சம் வெளியே தொங்கலாம், அவ்வளவுதான்.

ஒரு மூக்கால மட்டும் நாற்றச் சளி வருது. தடிமனா?

தடிமன் என்றால் பெரும்பாலும் இரண்டு மூக்காலும் வரும், நாறாது. மேல்தாடையின் பின்பக்கக் கடைவாய்ப் பற்களின் வேர்கள் சைனஸ் அறைகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. வேரில் சீழ் பிடித்தால் அது அந்தப் பக்க மூக்கால் வரும். பல்லைப் பார்க்காமல் அன்ரிபயோட்டிக் மட்டும் கொடுத்தால் நிற்கும், பிறகு திரும்பவும் வரும்.

பல்லே இல்லாட்டி என்னத்தைக் குடுக்கிறது?

முதலில் எவ்வளவு என்று பார்ப்போம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டமுனைவரை நீளத்தையும் தையல்காரர் நாடாவால் சென்ரிமீற்றரில் அளவெடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 135, நீளம் 125 என்றால் ஏறக்குறைய 192 கிலோ. அதில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்தீனி ஒரு நாளைக்கு வேண்டும்; அதாவது சுமார் 3 முதல் 4 கிலோ. பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். ஆகவே அதே மூன்று கிலோவைப் பச்சையாகக் கொடுப்பதென்றால் 15 கிலோ புல். பல் இல்லாத வாய் 15 கிலோவை அரைத்து முடிக்காது.

அதனால் நாரை நாம்தான் அரைத்துக் கொடுக்க வேண்டும். இறக்குமதியாகும் முதிய குதிரைத் தீவனம், புல்லை அரைத்துக் கட்டியாக்கிய கியூப், சீனி எடுக்கும் பீட் கிழங்கின் சக்கை எல்லாம் நல்லவை, விலைதான் கடிக்கும். எதுவானாலும் தண்ணீரில் ஊறி, விரலால் நசுக்கினால் கஞ்சியாகும்வரை விட வேண்டும். உள்ளூரில் என்றால் இளம் கினிப் புல்லின் இலை, தண்டை நீக்கிப் பொடியாக வெட்டிய கோ-3 புல், ஊறிய தேங்காய்ப் புண்ணாக்கு. புண்ணாக்கில் மாச்சத்தும் சீனியும் குறைவு, புரதமும் கொழுப்பும் உண்டு, மட்டக்குதிரைக்கு ஒத்துவரும். ஆனால் பூஞ்சணம் பிடித்ததோ சிக்கு வாசம் அடிப்பதோ ஒரு பிடிகூட வேண்டாம். சாக்கை நிலத்தில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். எந்தப் புதுத் தீனியையும் பத்துப் பதினான்கு நாளில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

ஒரு நாளைக்கு நாலு ஐந்து தடவையாகப் பிரித்து, தொட்டியை நிலத்தோடு வைத்துக் கொடுங்கள். தலை தாழ்ந்தால்தான் கீழ்த்தாடை முன்னுக்கு வந்து இருக்கிற பல் ஒன்றோடொன்று சேரும். கொழும்புப் புழுக்கத்தில் காலையில் வைத்த கூழ் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். மிச்சத்தை எடுத்து வாளியைக் கழுவுங்கள்.

தவிடு மெத்தெண்டு இருக்கும்தானே, நிறையத் தவிடே குடுத்தா என்ன?

இதில்தான் எங்கள் ஊரில் அதிகமாகப் பிழை விடுகிறார்கள். அரிசித் தவிட்டிலும் கோதுமைத் தவிட்டிலும் பொஸ்பரஸ் மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. கினிப் புல், நேப்பியர் இன கோ-3 போன்ற வெப்பநாட்டுப் புற்களில் ஒக்சலேட் இருக்கிறது. அது புல்லில் இருக்கும் கல்சியத்தையும் குடலில் கட்டிப்போட்டுவிடும். இரண்டும் சேர்ந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கும். முகஎலும்பு வீங்கித் தலை பெருக்கும், பல் ஆடும், காரணம் தெரியாமல் கால் நொண்டும். பல்லைக் காப்பாற்றப் போய்ப் பல்லுக்குக் கீழே இருக்கும் எலும்பைக் கரைத்த கதையாகிவிடும்.

தவிடு கொஞ்சம் போதும், ருசிக்கு. கல்சியம் எந்த வடிவத்தில் எத்தனை கிராம் என்று வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். புண்ணாக்கிலும் கல்சியம் குறைவுதான், அதையும் சொல்லிக் கேளுங்கள்.

கோழித் தீனி, மாட்டுத் தீனி அரைச்சதுதானே? லேசா மெல்லலாமே?

கூடவே கூடாது. சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து சேர்த்திருப்பார்கள். கோழிக்கும் மாட்டுக்கும் அது நோய்த்தடுப்பு. குதிரைக்கு இதயத் தசையைக் கொல்லும் நஞ்சு. ஒரு கிலோ எடைக்கு 2, 3 மில்லிகிராமே உயிரை எடுக்கும், மாற்று மருந்து கிடையாது. கோழித்தீனி அள்ளிய கரண்டியைக்கூடக் குதிரை வாளியில் போடாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பாணும் பனங்கட்டியும் குடுக்குதுகள். கரட் பரவாயில்லையா?

பாணும் பனங்கட்டியும் வேண்டாம். மட்டக்குதிரைக்குச் சீனியும் மாச்சத்தும் ஏறினால் குளம்புக்குள் வீக்கம் (லமினைட்டிஸ்) வரும், அது பல்நோவைவிடக் கொடுமை. புல் வெட்டும் மெஷினில் வரும் முற்றத்துப் புல்லையும் மதிலுக்கு மேலால் கொட்டுவார்கள். குவியலாகப் புளித்து வயிற்றைக் குத்தும், தொண்டையையும் அடைக்கும், அதையும் தடுங்கள். கரட் பரவாயில்லை. பல் உள்ளதற்கு நீளவாக்கில் கீலம் கீலமாக வெட்டுங்கள், வட்டம் தொண்டையில் நிற்கும். பல் இல்லாததற்குத் துருவிக் கொடுங்கள்.

சாப்பிடேக்க மூக்கால சாப்பாடு வந்து இருமுது. தண்ணி பருக்கவா?

பருக்காதீர்கள். இது உணவுக்குழாய் அடைப்பு. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. தண்ணீரோ எண்ணெயோ ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். தீனியையும் தண்ணீர் வாளியையும் எடுத்துவிட்டு, தலையைத் தாழ்த்தி அமைதியாக நிற்க விட்டு, வைத்தியரை அழையுங்கள். சில நிமிடத்தில் தானாக விடுபடலாம். அரைமணி தாண்டினால் அவசரம். விட்ட பிறகும் சில நாள் காய்ச்சல் பாருங்கள், 38.5 பாகைக்கு மேல் போனால் நுரையீரலுக்குள் போயிருக்கலாம்.

வீட்டில பனடோல் இருக்கு. வைத்தியர் வரும்வரைக்கும் குடுக்கலாமா?

வேண்டாம். அளவும் உங்களுக்குத் தெரியாது, அவர் பார்க்க வேண்டிய அறிகுறியும் மறைந்துவிடும். குதிரைக்கு உரிய வலிமருந்தை அவரே தருவார். கிராம்பு எண்ணெயும் அப்படித்தான்; புண்பட்ட முரசில் எரியும்.

பல்லு இப்படியெண்டா ஏறி ஓடலாமா?

வாயில் புண் இருக்கும்வரை கடிவாள இரும்பைப் போடாதீர்கள். தலையை உலுப்புவதும் ஒரு பக்கம் திரும்ப மறுப்பதும் பிடிவாதமில்லை. பல்லைக் காட்டி, புண் ஆறி, உடம்பும் தேறினால், இரும்பில்லாத மூக்குவாருடன் பிள்ளையை ஏற்றி மெல்ல நடக்க விடலாம். வேலை கொஞ்சம் இருப்பது அதற்கும் நல்லதுதான்.

நெடுந்தீவுக் குதிரைக்கு ஆர் ராவுறது? அதுகள் நல்லாத்தானே நிக்குதுகள்!

இந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டு கேட்பார்கள், ஆனால் நல்ல கேள்வி. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து நெடுந்தீவில் காட்டில் விடப்பட்டு வாழும் அந்த மட்டக்குதிரைகளுக்கு யாரும் ராவுவதில்லை. அவை பகல் முழுக்க, இரவிலும் பாதி, தலையைத் தாழ்த்திக் கரடான புல்லை மேய்கின்றன; கூர் ஓரளவு தானாகத் தேயும். கொட்டிலில் இரண்டு நேரம் மெத்தென்ற தீனி தின்பதற்கு அந்த வசதி இல்லை. இன்னொன்று, பல் தீர்ந்தவை அங்கே வறட்சியில் மெலிந்து செத்துப்போகும். போய்ப் பார்க்கிற உங்கள் கண்ணில் படுவது மிச்சமிருப்பவை.

பல்லும் காட்டியாச்சு, தீனியும் மாத்தியாச்சு. இன்னும் மெலியுது, முடியும் நீளமாச் சுருண்டு வளருது. என்ன செய்ய?

கொழும்பு வெயிலில் ஒரு போனிக்குச் சடைமுடி வளர்ந்து உதிராமல் நின்றால் பல்லைத் தாண்டி யோசிக்க வேண்டும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பி வயதில் பழுதாகும் நோய் ஒன்று உண்டு. குஷிங் என்று சொன்னால் வைத்தியருக்கு விளங்கும். அதிகம் தண்ணீர் குடிக்கும், முதுகுத் தசை கரையும், குளம்புக்குள் வீங்கும், முரசுப் புண்ணும் ஆறாது. ஏசிரிஎச் இரத்தப் பரிசோதனையில் தெரியவரும். பேர்கோலைட் மாத்திரையைத் தினமும் ஆயுள்வரை கொடுத்தால் பெரும்பாலும் கட்டுக்குள் நிற்கும். இரத்தம் எடுக்கிற அன்றே சாணத்தில் புழு முட்டையையும், ஈரல், சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே வருகையில் எல்லாம் முடியும். முடிவு வரும்வரை மேலே சொன்ன ஊறிய தீனியைத் தொடருங்கள், தானியத்தைக் கூட்டாதீர்கள்.